மலையின் தெற்குப் பக்கம்

உச்சியில் இருந்த கற்குவியலின் மேல் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டு, மோர்னாவும் ஃபெர்கஸும் புல்லில் உட்கார்ந்தார்கள்.

"தெற்குப் பக்கம் புல்லு மெத்தை மாதிரி இருக்கு. ஏறுறதே தெரியல," என்றாள் மோர்னா.

"அது ஆடு ஏறுற பாதை. மலைன்னா வடக்கு முகடுதான்," என்றான் ஃபெர்கஸ்.

"அங்கதானே உன் தொப்பி பறந்துச்சு? துரத்திக்கிட்டுப் போய் முழங்கால் வரைக்கும் சேத்துல நின்னியே."

"நீ கை கொடுக்காம சிரிச்சுக்கிட்டு நின்னே."

மோர்னா பையிலிருந்து குடுவையை எடுத்து இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். அவன் கோப்பையில் கேட்காமலே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள் மோர்னா. தன் தேநீரை, தீர்ந்துவிடக் கூடாது என்பதுபோல் மெல்லக் குடித்தாள்.

பக்கத்தில் இளைப்பாறிய ஒரு பெண் சிரித்தாள். "பார்க்கவே ஆசையா இருக்கு. கல்யாணமாகி எத்தனை வருஷம்? எந்தப் பக்கமா இறங்கப் போறீங்க?"

"நான் தெற்கே, இவர் வடக்கே," என்றாள் மோர்னா. "விவாகரத்து ஆனப்போ வீடு எனக்கு வந்துச்சு, நாய் இவருக்குப் போச்சு. மலையை மட்டும் விட மனசில்லாம ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கிட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவை இங்க பாத்துக்குவோம்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மோர்னா கோப்பைகளைப் பையில் வைத்து எழுந்தாள். முகட்டில் அவன் முதுகு சிறுத்து மறைவதைப் பார்க்க இந்த வருடம் தெம்பில்லை. திரும்பாமல் நடந்தாள்.

பின்னால் புல் சரசரத்தது.

"உன் கார் அந்தப் பக்கம்ல நிக்குது?" என்றாள்.

"நிக்கட்டும்," என்றான் ஃபெர்கஸ். "மெத்தை மெத்தைன்னியே, பார்க்கலாம்னுதான்."