ரிப்பன் கட்டிய மிஷின்

விழா மண்டபத்தில் செயலாளர் சிரித்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

நல்ல செய்தி கொண்டுவருகிறவர்களுக்கென்று ஒரு நடை உண்டு. அந்த நடை. கோட்டில் அகல் சேவைச் சங்கத்தின் பித்தளை வில்லை மின்னியது. சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு ஊருக்கு உழைக்கிற மனிதரைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

"அம்மிணி, உங்கூட்டுக்காரரு வந்துட்டிருக்காருங்க."

அவள் மோர் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"நம்ம சங்கத்துப் பேஸ்புக்குல உங்க போட்டோவப் பாத்தாராம். நேத்தே போன் பண்ணிட்டாரு. ஒரே அழுகை. குடும்பத்தச் சேத்து வெச்ச புண்ணியமும் சங்கத்துக்குக் கெடைக்கட்டும்னு நேரா மேடைக்கே வரச் சொல்லிட்டேனுங்க. ரெண்டு மாலைகூட வாங்கி வெச்சாச்சு."

சொல்லிவிட்டு, அவள் முகத்தில் சந்தோஷம் வருவதற்காகக் காத்திருந்தார்.

அவள் சிரித்தாள். வேறு என்ன செய்வது.

அவர் திருப்தியாக அடுத்த வரிசைக்குப் போனார்.

முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இந்த ஊரில் அவளுக்குச் சொந்தபந்தம் யாரும் கிடையாது. அதற்காகத்தான் இந்த ஊரைப் பிடித்தாள். கழுத்துக்குக் கீழே அவன் கொதிக்கிற எண்ணெயை ஊற்றிய இடம், ரவிக்கை உரசினால் இன்னும் எரிகிறது. அடுத்த தடவை முகத்தில் என்று சொல்லியிருந்தான்.

சொன்னதைச் செய்கிறவன். அவனைப் பற்றிச் சொல்ல இருந்த ஒரே நல்ல வார்த்தை அது.

தையல் மிஷின் தருகிறோம், ஒரு போட்டோ கொடுங்கள் என்றார்கள். கொடுத்தாள். அது எங்கெல்லாம் போகும் என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஊருக்குச் சொல்லாமல் தானம் செய்வது சங்கத்தில் வழக்கமில்லை.

மேடைக்குக் கீழே மிஷின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன், ஒரு பெயர். அவளுடையது கடைசியில், சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில்.

இத்தனை நாளும் அடுத்தவள் மிஷினில், அடுத்தவள் எழுந்துபோன நேரத்தில் தைத்துப் பிழைத்தவள் அவள்.

ஓடிவிடலாம். வெறுங்கையோடு ஓடுவது அவளுக்குப் பழக்கம்தான். வெறுங்கையோடு போய் இறங்குகிற ஊர் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அவர் வராமல் அங்கே குத்துவிளக்குத் திரிகூட நிமிராது.

அவனும் வரவில்லை.

யார் முதலில் வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேட்டு வெடித்தது. கார்.

தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் பொன்னாடைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். மண்டபம் மொத்தமும் வாசல் பக்கம் திரும்பியது.

அவள் எழுந்து போய்த் தன் மிஷினின் டிராயரை இழுத்தாள். உள்ளே ஸ்குரூ டிரைவர் இருந்தது. பெல்ட்டைத் தள்ளிவிட்டாள். பின்பக்கத் திருகுகளைத் தளர்த்தினாள். தனக்குக் கொடுத்ததையே திருடுகிறவள், வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மேசையை விட்டுவிட்டு மிஷினின் தலையை மட்டும் தூக்கினாள். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கனம். மேலே போர்த்தியிருந்த துணியிலேயே சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சமையல்கட்டில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாம்பார் கொதிக்கிற நேரம்.

பின்சந்தில் திரும்பியபோது தலைக்கு மேலே அவள் பெயர் கேட்டது.

மைக்செட்காரன் மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டியிருந்தான்.

"கோகிலவாணி அம்மா மேடைக்கு வரவும்."

நடந்தாள்.

"கோகிலவாணி அம்மா எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்."

வேகமாக நடந்தாள்.

மைக் கை மாறியது. கரகரவென்று இரைந்தது.

"கோகிலா..."

அவன் குரல்.

"வா கண்ணு. மாமன் வந்துட்டேன். ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கதவைத் தாழிட்ட பிறகு அவன் இப்படித்தான் குழைவான். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

மண்டபம் கைதட்டியது. எல்லாக் கம்பங்களும் கைதட்டின.

கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுத்து வைத்தாள். அடுத்த கம்பம். அதற்கடுத்த கம்பம். ஒவ்வொன்றிலும் அவன் அழைத்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சில் ஒரு அம்மாள் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவள் போய் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அம்மாள் குழாயைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"எத்தன ஆசையாக் கூப்புடறான் பாருங்க. எங்க போய்த் தொலைஞ்சாளோ."

பதில் சொல்லாவிட்டால் அம்மாள் திரும்பி முகத்தைப் பார்ப்பாள்.

"ஆமாங்க," என்றாள். "நல்லவளா இருந்தா கூப்புட்ட ஒடனே போயிருப்பா."

அம்மாளுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு கைப்பிடிக் கடலையை நீட்டினாள்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

பஸ் இன்னும் வரவில்லை.