ஒரு கொதி

“இது மருந்தா, முகத்துக்குப் போடற பவுடரா?”

நாற்றுப் பண்ணைக்காரர் காலிப் பாக்கெட்டை உரக்கடை மேஜை மேல் விசிறியடித்தார். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரருக்கு வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம்.

“என்னங்க ஆச்சு?”

“நாற்றழுகலுக்குக் கேட்டேன். நல்ல பாக்டீரியா, மண்ணுக்குள்ள போய் கெட்ட பூஞ்சையை ஒரு கை பார்த்துடும்னு கொடுத்தீங்க. தக்காளி நாத்து தட்டு தட்டா தண்டு கறுத்துப் படுத்துக்கிச்சு. பாதி போச்சு. மீதியையாவது வெள்ளிக்கிழமை கொடுக்கலைன்னா, வாங்கறவர் அடுத்த பண்ணைக்குப் போயிடுவார்.”

“அளவு சரியா கலந்தீங்களா?”

“லிட்டருக்குப் பத்து கிராம். ஒரு சிட்டிகை பிசகலை.”

“தண்ணி?”

“காய்ச்சின தண்ணி.”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஆற வெச்சு அப்புறம்தானே பொடியைப் போட்டீங்க?”

“அதெப்படி? பொடியைப் போட்டுத்தானே காய்ச்சினேன்!”

“பொடியையா காய்ச்சினீங்க?”

“பின்னே? கிருமியாச்சே! குழந்தைங்க நடமாடற இடம். பச்சையா ஊத்தவே கூடாதுன்னுட்டா என் சம்சாரம். பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிட்டு, வடிகட்டி ஊத்தினோம்.”

கடையே அதிர்ந்தது. மருந்து வாங்க வந்த திராட்சைத் தோட்டக்காரர் சிரிப்புத் தாங்காமல் உர மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“உப்பு சரியா இருந்ததான்னு பார்த்தீங்களா?” என்றார் அங்கிருந்தபடியே.

கடைக்காரருக்குத் தெம்பு வந்தது. எழுந்து நின்றார்.

“உயிருங்க அது! ஒவ்வொரு பாக்கெட்டுலயும் கோடி கோடியா உயிர் தூங்குது. சூடு ஆகவே ஆகாது. வேக வெச்சுக் கொன்னுட்டு, பொணத்தைக் கொண்டுபோய்க் காவலுக்கு நிறுத்தினா, நாத்து சாகாம என்ன பண்ணும்?”

நாற்றுப் பண்ணைக்காரர் இருந்த இடம் தெரியாமல் சுருங்கிப் போனார்.

“தப்பு என்னுதுதாண்ணே. மன்னிச்சுக்கங்க. இன்னொரு பாக்கெட் கொடுங்க, மீதி நாத்துக்கு ஊத்திப் பார்க்கறேன்.”

“அப்படி வாங்க வழிக்கு.”

நாலு பேர் பார்க்க, கடைக்காரர் வீதியைப் பார்த்த கண்ணாடி அலமாரியைத் திறந்தார். பாக்கெட்டுகள் அங்கேதான் எடுப்பாக அடுக்கியிருந்தன. மத்தியானத்து வெயில் மொத்தமும் அவற்றின் மேல்தான். எடுத்தது கையைச் சுட்டது. திருப்பினார்.

அதில் அச்சடித்திருந்த கெடு தேதி முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். மேஜை மேல் கிடந்த காலிப் பாக்கெட்டும் போன வாரம் இதே வரிசையில் இருந்ததுதான்.

முதுகுக்குப் பின்னால் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

“இனிமே சத்தியமா கொதிக்க வைக்க மாட்டேண்ணே,” என்றார் நாற்றுப் பண்ணைக்காரர்.

கடைக்காரர் பாக்கெட்டைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, அவர் கையில் கொடுத்தார். பிறகு மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்தார்.

“அதுக்கில்லீங்க… குழந்தைங்க நடமாடற இடம்னு சொல்றீங்க. வீட்டம்மா பேச்சையும் தட்டக்கூடாது. எதுக்கும் லேசா ஒரு கொதி விட்டே ஊத்துங்க.”