யார் எழுதிய பிழை?

"அண்ணா, இந்த இடம் நான் எழுதினது" என்றாள் சரோஜினி. கம்ப்யூட்டர் திரையில் புரோகிராமின் ஒரு பகுதியைத் தொட்டுக் காட்டினாள்.

தயாளன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு வாரமாக இருவரும் அந்தப் புரோகிராமின் பழைய ஃபிளாப்பி டிஸ்க்குகளைப் போட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் எடுத்த வெர்ஷன் ஒழுங்காக ஓடியது. ஆகஸ்டில் எடுத்தது மெமரி போதாமல் பாதியில் நின்றது. நடுவில் ஒன்று, அதற்கும் நடுவில் ஒன்று என்று நெருக்கிக்கொண்டே வந்து, பிழை நுழைந்த இடத்தை இப்போதுதான் பிடித்திருந்தார்கள்.

தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவர்கள் வேலை பார்த்த சின்னக் கம்பெனி. செய்து விற்றது ஒரு கம்பைலர். நாம் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது அதன் வேலை. அதை வாங்கிய பம்பாய்க்காரர்கள், புது வெர்ஷன் மெமரியை விழுங்குகிறது என்று போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே பாரு" என்றான் தயாளன். "ஒவ்வொரு வரிக்கும் மெமரியில இடம் பிடிக்குது. வேலை முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும் இல்ல? குடுக்கவே இல்லை. பந்தி முடிஞ்சும் இலையை எடுக்கலைன்னா அடுத்த பந்தி எங்கே உக்காரும்?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையும் இல்லை. திங்கட்கிழமையே முதலாளி பக்தவச்சலம் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்கு அப்புறம் இங்கே ஒருத்தருக்குத்தான் வேலை. தப்பு யார் எழுதினதுலன்னு கண்டுபிடிச்சு பேரைச் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்." அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா ஃபாக்டரியை லாக்-அவுட்னு இழுத்து மூடி ஒரு வருஷம் ஆகுதுண்ணா. தம்பி இப்பதான் பொத்தேரியில காலேஜ் சேர்ந்திருக்கான். வீட்டுல என் சம்பளம் மட்டும்தான்..."

"தெரியும். நீ வாயைத் திறக்காதே. நான் எழுதினதுன்னு சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாண்ணா! செய்யாத தப்புக்கு நீங்க ஏன்..."

"என் வீட்டுக்காரி டீச்சர். எங்க வீட்டுல அடுப்பு எரியும். சொன்னா கேளும்மா."

சொல்லிவிட்டான். நாற்பதை நெருங்குகிற வயதில் யார் வாசலில் போய் வேலை கேட்டு நிற்பது? வீட்டில் என்ன சொல்வது? ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபின் வேறு மாதிரி நடக்க அவனுக்கு வரவில்லை. இளகிய மனசு. பிழைக்கத் தெரியாதவன் என்று ஊர் சொல்லும்.

மறுநாள் காலை முதலாளி அறைக்குப் போனான்.

"சார், அந்தப் பகுதி நான் எழுதினது."

"நிச்சயமா நீங்கதானா?"

"நான்தான் சார்."

"சரி. போய் வேலையைப் பாருங்க. கூப்பிடறேன்."

மத்தியானம் அவர் முதலில் கூப்பிட்டது சரோஜினியை. வெளியே வந்தவளுக்குக் கண்கள் சிவந்திருந்தன. டிபன் பாக்ஸை எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு அவன் மேஜை அருகே வந்து நின்றாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமாண்ணா?"

தயாளனோ, தன் வேலை போகப்போவதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தான். "தெரியாமலா சொன்னேன்? எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னேன். நீ கவலைப்படாதே."

அவள் சட்டென்று திரும்பினாள். படியிறங்கிப் போய்விட்டாள். அனுதாபத்தில் நிற்க முடியவில்லை போலிருக்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டான்.

அடுத்து அவனைக் கூப்பிட்டார்கள்.

"உக்காருங்க தயாளன். ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்றார் பக்தவச்சலம். "பம்பாய்க்காரங்க இன்னும் ஒரு வருஷம் கம்பைலரை நாமளே பார்த்துக்கணும்னு சொல்றாங்க. ஆனா ஒரு ஆளுக்குத்தான் பணம் குடுப்பாங்களாம். இனிமே தலைவலி எல்லாம் அந்தப் பகுதியிலதான். எழுதினவரைத் தவிர வேற யாரு கை வெச்சாலும் இன்னும் நாலு பிழை முளைக்கும். அதான் எழுதினது யாருன்னு கேட்டேன். உங்களை வெச்சுக்கிட்டு, சரோஜினியை நின்னுக்கச் சொல்லிட்டேன்."

தயாளன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "சார்! அதை எழுதினது நான் இல்லை. சத்தியமா சரோஜினிதான் சார்!"

பக்தவச்சலம் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"அந்தப் பொண்ணும் அழுதுக்கிட்டே இதையேதான் சொல்லிச்சு. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு வந்து சொன்னா, நான் நம்பிடுவேனா?"