விரல்கள் விரிந்தே இருந்தன

குங்ஃபூ கூடத்தில் மற்ற எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஜெபசீலியின் வலது மணிக்கட்டு மட்டும் கூடப் பயிலும் நவநீதனின் மணிக்கட்டோடு ஒட்டியபடியே நின்றது. 'ஒட்டும் கை' என்ற அந்தப் பயிற்சியில் யாரும் முந்திக்கொண்டு அடிக்கக் கூடாது. கை பட்டதும் எதிராளியின் விசையை உணர வேண்டும். தள்ளினால் இளக வேண்டும், விலகினால் கூடவே போக வேண்டும்.

அவள் தள்ளிப் பார்த்தாள். அவன் கை பஞ்சாக இளகியது. இழுத்தாள். கூடவே வந்தது.

"விடுங்க. பாப்பா ஸ்கூல் வாசல்ல நின்னுட்டிருப்பா."

"நான் பிடிக்கவே இல்லீங்களே."

உண்மைதான். அவன் விரல்கள் விரிந்தே இருந்தன. இரண்டு தோலுக்கும் நடுவே வெறும் வியர்வைதான் இருந்தது. அவள் கதவை நோக்கி நகர்ந்தாள். அவனும் அதே வேகத்தில் நகர்ந்து வந்தான். இடது கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள். அவனுடைய இடது மணிக்கட்டு அதன் மேல் மெதுவாக வந்து படிந்தது.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கும் வீட்டுக்குப் போகணுங்க." அவன் தாழ்ப்பாளையே பார்த்தான். "நீங்கதான் விட மாட்டேங்கிறீங்க."

சொல்லிவிட்டுத் தன் வலது கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தான். ஜெபசீலி குனிந்து பார்த்தாள். அவளுடைய கை, அவளைக் கேட்காமலே, அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது.