அடடா, என்ன அமைதி!

மணலும் மொட்டைப் பாறையுமாய்க் கிடந்த ஒரு மலைமேல் மரக்குடில் ஒன்று இருந்தது. தரைப்பலகைக்கு அடியில் ஒரு சுண்டெலி. கூரைமேல் ஓர் ஆந்தை. ஒரு சருகு நொறுங்கினாலும் போதும், ஆந்தையின் குறி தப்பாது. அதனால் எலிக்குப் பாதி நாள் பட்டினிதான்.

ஒரு சாயங்காலம் நகரத்து ஆட்கள் சிலர் குடிலில் தங்க வந்தார்கள். "அடடா, என்ன அமைதி!" என்றார் ஒருவர். "நம்ம ஊர்ல இது கிடைக்குமா?" என்று மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு அமைதியைப் புகழ்ந்தார்கள். அந்த இரைச்சலில் எலி அவர்கள் காலடியிலேயே ஓடி ஓடி வயிறு முட்டத் தின்றது.

"அண்ணே, அமைதின்னா இவ்வளவு நல்லதா!" என்று கூரையைப் பார்த்துக் கூவியது.

"என்ன சொல்றே? ஒண்ணும் கேக்கலை!" என்றது ஆந்தை.

மறுநாள் அந்தியில் வந்தவர்களின் வண்டி கிளம்பிப் போயிற்று. கீழே கிடந்த பிஸ்கட் துண்டைக் கவ்விக்கொண்டு எலி வாசலுக்கு வந்தது. காற்றுகூட அசையவில்லை. 'அடடா' என்று சொல்ல வாயெடுத்தது.

"சொல்லு தம்பி," என்றது ஆந்தை, கனிவாக. "இப்ப நல்லா கேக்குது."

எலி அந்தப் பிஸ்கட்டைக்கூடக் கடிக்கவில்லை.