மீன் சாப்பிடாதவரின் மனு

"எவன்யா இதுக்குப் பூட்டு போட்டது?"

தூண்டிலும் கையுமாக நின்ற ராஜகோபால் கத்தினான்.

தடுப்பணைக்குப் போகும் இரும்புக் கேட்டில் புதுச் சங்கிலி. பக்கத்தில் புது போர்டு: 'மீன் பிடிக்கத் தடை. மீறினால் நடவடிக்கை.'

காவலாளி மணிவண்ணன் எழுந்து வந்தார்.

"சத்தம் போடாதபா. மேலிடத்து ஆர்டர்."

"பாலாறு என்ன மேலிடத்து வீட்டுக் குழாயா? வருஷத்துல ரெண்டு மாசம்தான் தண்ணி ஓடுது. அதுலயும் தூண்டில் போடக்கூடாதா?"

ராஜகோபால் ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். திங்கட்கிழமை ஆட்டோவுக்கு லீவு, தூண்டிலுக்கு டூட்டி. வீட்டில் மனைவி காந்தா புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஷட்டரைத் திறந்தா தண்ணி திடீர்னு வருது. கீழ பூரா பாசி. ஐப்பசியிலேருந்து மூணு பேர் வழுக்கி விழுந்துட்டாங்க. அதுல ஒருத்தன் நீ" என்றார் மணிவண்ணன்.

"நான் விழல. குளிச்சேன்."

"சட்டை, செல்போனோடவா?"

கூட வந்திருந்த வெங்கடேசன் சிரித்துவிட்டான். ராஜகோபால் அவனை முறைத்தான்.

"இத்தினி வருஷமா இல்லாத ஆர்டர் இப்ப எப்பிடி வந்துது? யாரோ மனு குடுத்திருக்காங்க. யாருன்னு சொல்லுங்கண்ணே."

மணிவண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஜினகுமார் நயினார். நேர்லயே போய்க் குடுத்துட்டு வந்தாரு."

ஜினகுமாருக்கு ஆற்றங்கரையை ஒட்டி நெல் வயல். சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார். வரப்பில் எறும்பு போனால்கூட நின்று வழிவிட்டுத்தான் நடப்பார்.

"அதானே பார்த்தேன்!" ராஜகோபால் கையைத் தட்டினான். "மீன் திங்காதவருக்கு மீன் குழம்பு அருமை எங்க தெரியும்?"

"என்னை ஏன்பா கேக்கற? அதோ வயல்ல நிக்கறாரு. அவர்கிட்டயே கேளு."

வயல் மூலையில் ஜினகுமார் குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் பொதுப்பணித்துறை இன்ஜினியர் சுகாசினி, கையில் ஃபைல். இரண்டு ஆட்கள் டேப்பை இழுத்துப் பிடித்து ஆற்றங்கரையை அளந்துகொண்டிருந்தார்கள்.

ராஜகோபாலுக்குச் சுர்ரென்று ஏறியது.

"பார்த்தியாடா வெங்கடேசா? நம்மள வெளிய பூட்டிட்டு, கரையை அளந்து வளைச்சுக்கினு இருக்காரு!"

வரப்பில் வேகமாக நடந்தான். பின்னாலேயே வெங்கடேசன்.

"நயினாரே! மீன் மேல இருக்குற கருணை மனுசன் மேல கிடையாதா? நீங்க திங்கலன்னா நாங்களும் திங்கக்கூடாதா? போறபோக்குல ஆத்தையும் வளைச்சு வயலோட சேர்த்துக்குங்க!"

ஜினகுமார் குடையை மடக்கி, மண்ணில் ஊன்றி, புன்னகையோடு நின்றார்.

சுகாசினிதான் திரும்பினாள்.

"யாரு வளைக்கறது? அவருல்ல குடுக்கறாரு!"

"எதை?"

"இந்த மூலையில அஞ்சு சென்ட். கரையில கவர்ன்மென்ட் இடம் பத்தல. அதனால தன் வயல்லேருந்து எழுதிக் குடுத்துட்டாரு. இங்கேருந்து ஆத்துக்குப் படி இறங்குது. ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. ஷட்டர் திறக்கறதுக்கு முன்னாடி சைரன்."

"அதெல்லாம் எதுக்கு மேடம்?"

"நீங்க உக்காந்து மீன் பிடிக்கத்தான். மனுவுல அவர் கேட்டதே அதைத்தான். மூணு பேர் விழுந்ததை அதுல படிச்சதும் எங்களுக்கே பயம் வந்துடுச்சு. வேலை முடியறவரைக்கும் ஒருத்தரும் இறங்க வேணாம்னு பூட்டு போட்டது நாங்க."

ராஜகோபால் திரும்பிப் பார்த்தால் வெங்கடேசன் ஏற்கெனவே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அளக்க உதவிக்கொண்டிருந்தான்.

"நயினாரே, மன்னிச்சுக்குங்க." ராஜகோபால் தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு புரியல. மீன் பிடிக்கறது உங்களுக்குப் பாவம்தானே?"

"பாவம்தான்பா. விட்டுடுன்னு உங்கப்பாகிட்ட இருபது வருஷம் சொன்னேன், கேக்கல. உன்கிட்ட பத்து வருஷம் சொன்னேன், நீயும் கேக்கல."

ஜினகுமார் அவன் தோளில் கை வைத்துச் சிரித்தார்.

"சரி, மீனைத்தான் காப்பாத்த முடியல, பிடிக்கறவனையாவது காப்பாத்தலாமேன்னுதான் மனு குடுத்தேன்."