கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரியம்மா கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வெளிநாட்டுப் பாஷையில் தங்குதடையில்லாமல் பேசுகிறாள். தங்கும் அனுமதி இன்னும் ஒரு வருஷம் நீண்டால்தான் படிப்பை முடிக்கலாம். இல்லையென்றால் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் கொத்தனார் அவள் பக்கத்தில் கைகட்டி நிற்கிறார். "உக்காருப்பா, இங்க யாரும் நிக்கமாட்டாங்க." அவர் உட்காரவில்லை. ஆபீசர் சிரித்துப் பேசினால் அந்தக் காரியம் நடக்காது என்பது அவர் கண்ட அனுபவம்; இந்த அதிகாரியம்மாவோ வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். வெள்ளை வெளிச்சத்தில் மகளின் விரல்கள் மேசைக்கடியில் பையின் வாரைத் திருகுகின்றன. குரலில் மட்டும் அந்தப் பதற்றம் துளியும் இல்லை. தட்டும் சத்தம் நிற்கிறது. "ஒரு வருஷம் குடுத்துட்டாங்கப்பா!" "வாயால சொன்னா ஆச்சா? சீல் குத்தச் சொல்லு." "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுப்பா." "கரண்டு போச்சுன்னா?" மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அதிகாரியம்மா அவரைக் காட்டி ஏதோ கேட்கிறாள். "நீ யாருன்னு கேக்குறாங்கப்பா." கொத்தனார் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். கூடமே திரும்பிப் பார்க்கும்படி, தமிழிலேயே சொல்கிறார்: "இவளப் பெத்தவன்னு சொல்லு."